காற்றுப் பம்பின் நான்கு நட்சத்திரங்கள்

ஊரில் எல்லோரும் அவனைப் பொத்தல் என்றுதான் கூப்பிடுவார்கள். பிழைப்பினால் வந்த பெயர். கோளரங்கத்தின் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு தகர உருண்டை நின்றுகொண்டிருந்தது. அதில் இரண்டாயிரத்து நூற்று ஆறு ஓட்டைகள், உள்ளே ஒரே ஒரு பல்பு. அரங்கத்தை இருட்டாக்கி அந்தப் பல்பைப் போட்டால் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு பொட்டு வெளிச்சம் கிளம்பிப் போய்க் குவிந்த கூரையில் உட்காரும். அதுதான் வானம். ஓட்டையில் தூசி அடைத்துக்கொண்டால் ஒரு நட்சத்திரம் போயிற்று. அதனால் தினமும் காலை ஏழு மணிக்கு ஏணி மேல் ஏறி, பதினோரு மணிக் காட்சிக்குள் இரண்டாயிரத்து நூற்று ஆறிலும் ஊசி விட்டு எடுப்பது அவன் பொறுப்பு. பெரிய நட்சத்திரத்துக்குக் கோணி ஊசி, நடுத்தரத்துக்குத் தையல் ஊசி, மங்கலானவற்றுக்கு மணி கோக்கும் ஊசி. பத்தொன்பது வருஷமாக இதைச் செய்கிறான். கழுத்து இடது பக்கமாகவே நின்றுபோய்விட்டது.

அவன் மனைவிக்கு இரண்டு தெரு தள்ளி டயர் கடை. அப்பா வைத்துவிட்டுப் போன கடை, அவளும் அவள் தம்பியும் நடத்துகிறார்கள். காற்று அடிப்பது, பஞ்சர் ஒட்டுவது, வாடிக்கையாளரைத் திட்டுவது மூன்றிலும் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அவள் அகராதியில் வேலை என்றால் கையில் கறை படிய வேண்டும், சாயங்காலம் இடுப்பு வலிக்க வேண்டும். கணவன் எங்கே என்று யாராவது கேட்டால், "வேலைக்குப் போயிருக்கார்" என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "அங்க போயிருக்கார்" என்பாள். இன்னும் துருவினால், "நான் ஓட்டைய அடைக்கிறேன், அவர் ஓட்டையக் குத்துறார். குடும்பம் சமமா போயிட்டிருக்கு" என்பாள்.

கழுத்து வலிக்கிறது என்று அவளிடம் சொல்லக்கூட அவனுக்கு வாய் வரவில்லை. வலிப்பதற்கு முதலில் வேலை என்று ஒன்று இருக்க வேண்டுமே. அவனுக்கு இருந்தது ஒரே ஆசைதான். அவள் ஒருநாள் வந்து அந்த வானத்தைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அவள் வாயால் இதுவும் வேலைதான் என்று சொல்ல வேண்டும். வேறு எந்தப் பட்டமும் பதவியும் அவனுக்கு வேண்டாம்.

"உங்க வானத்துல என்ன இருக்கு? சிங்கம் இருக்கு, தேள் இருக்கு. எங்க கடைக்கு ஆகுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று ஒருநாள் அவள் கேட்டுவிட்டாள்.

அவன் விடவில்லை. கோளரங்கத்து அலமாரியில் அட்டை கிழிந்து கிடந்த நட்சத்திரப் புத்தகத்தை எடுத்து முழுவதும் புரட்டினான். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் மாட்டியது. தெற்கு வானத்தில், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு மூலையில், காற்றுப் பம்பு என்று ஒரு விண்மீன் குழு! அவன் போட்ட சத்தத்தில் கோளரங்க இயக்குநர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கேட்டியா, வானத்துல பம்பு இருக்கு" என்று அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ச் சொன்னான்.

"யாரு வெச்சது?"

"இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு வானியல்காரர். தெற்குப் பக்கம் வெறும் இடமா இருந்துச்சாம். அங்க வெச்சுட்டார்."

"எத்தன நட்சத்திரம்?"

"நம்ம உருண்டையில நாலு. பெருசு ஆல்ஃபா. ஆரஞ்சு கலர், முந்நூறு ஒளியாண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. அப்புறம் எப்சிலான், அயோட்டா, தீட்டா. தீட்டா ஒண்ணு மாதிரி தெரிஞ்சாலும் ரெண்டு நட்சத்திரம் ஒட்டிக்கிட்டு நிக்குது. உருண்டையில இல்லாத இன்னொண்ணும் இருக்கு. ரத்தச் சிவப்பு. தன்னைச் சுத்தி வாயுவை வெளிய விட்டுக்கிட்டே இருக்காம்."

"வால்வு போயிருக்கும்" என்றாள் அவள். "சரி, அந்த ஆல்ஃபாவுக்கு ஒரு நல்ல பேரு கூடவா வெக்கல?"

"ஒண்ணுக்கும் பேரு இல்ல. எல்லாம் வெறும் எழுத்துதான்."

பெயர் இல்லாமல் உழைக்கிற ஜாதி என்று அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். வியாபாரம் மந்தமாக இருந்த ஒரு நாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காட்சிக்கு வந்தாள். பொத்தல் அவள் பக்கத்தில் குனிந்து, அம்புக்குறி விளக்கைக் கூரையில் அடித்தான்.

"அதோ!"

"எங்க?"

"அம்புக்குறி முனையிலதான்."

"அம்புக்குறிதான் தெரியுது."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரிந்திருக்காது. நிஜ வானத்திலேயே அந்த நான்கும் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கிற நட்சத்திரங்கள். இங்கே கூரையில் ஈரம் படிந்த மஞ்சள் கறை வேறு. வீட்டுக்குப் போகிற வழியில் அவள், "நல்ல இருட்டுங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியா தூங்கினேன்" என்றாள். மனதாரப் பாராட்டாகத்தான் சொன்னாள். அவனுக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

எட்டாவது நாள் அவன் அந்தத் தவறைச் செய்தான். பம்பின் நான்கு ஓட்டைகளிலும் மணி ஊசிக்குப் பதிலாகத் தையல் ஊசியை விட்டு ஒரு திருகு திருகினான். லேசாகத் தெரிந்தது. லேசாகத் தெரிவதற்கெல்லாம் அவள் வருவாளா? "நிஜமாவே பளிச்சுன்னு தெரிஞ்சா சொல்லுங்க. தூங்குறதுக்காக ரெண்டாவது தடவை கடைய விட்டுட்டு வர முடியாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் கோணி ஊசி. அதற்கடுத்த மாதம், கொஞ்சமும் கூச்சமில்லாமல், இரண்டு அங்குல ஆணி.

இப்போது பம்பு தெரிந்தது. பம்பு மட்டும்தான் தெரிந்தது என்றும் சொல்லலாம். தெற்கு வானம் எழுந்ததுமே முன்வரிசைக்காரர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். காட்சிக்கு விளக்கம் படிக்கிற அம்மாவிடம் பிள்ளைகள் அது என்ன, அது என்ன என்று நச்சரித்தார்கள். அந்த அம்மாவின் தாளில் பம்பைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "தென்வானத்தின் பேரரசன், காற்றுப் பம்பு!" என்று ஒரு போடு போட்டார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நோட்டிலிருந்து ஆசிரியர்களுக்கும், அவர்களிடமிருந்து தேர்வுத் தாளுக்கும் போயிற்று. தென்வானின் மிகப் பிரகாசமான விண்மீன் குழு எது, ஒரு மதிப்பெண்.

நட்சத்திரம் பார்க்கிற சங்கம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. அவர்கள் திறந்த வெளிக்குப் போய் நிஜ வானத்தில் பம்பைத் தேடினார்கள். காணவில்லை. மூன்று நாள் தேடியும் காணவில்லை. கோளரங்கத்தில் இவ்வளவு பெரிதாக இருப்பது வானத்தில் இல்லையென்றால் கோளாறு யாரிடம்? வானத்திடம்தான். சோப்புத் தொழிற்சாலையின் புகை பம்பை மறைக்கிறது என்று முடிவு கட்டி, "எங்கள் பம்பை எங்களுக்குத் திருப்பிக் கொடு" என்று பதாகை பிடித்து நகராட்சிக்கு ஊர்வலம் போனார்கள். நகராட்சி வருத்தம் தெரிவித்தது. சோப்புக்காரர் புகைபோக்கியை ஆறடி உயர்த்தினார். நான்கு தெருக்களில் விளக்கை இரண்டு மணி நேரம் அணைத்துப் பார்த்தார்கள். ஒன்பது பேர் சாக்கடையில் விழுந்தார்கள். பம்பின் மேல் ஒருவரும் குறை சொல்லவில்லை.

டயர் கடைக்கு வருகிறவர்களும் பம்பைப் பற்றியே பேசினார்கள். தம்பிக்காரன் சும்மா இருப்பானா? "வானத்திலும் இருப்பது எங்கள் பம்பே" என்று பலகை எழுதி மாட்டிவிட்டு, "மாமா, நீங்க சாதாரண ஆளு இல்ல" என்றான். அவளும் கடைசியில் இறங்கி வந்தாள்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு வர்றேன். கடைய மூடிட்டே வர்றேன், போதுமா?"

அப்பா செத்த நாளைத் தவிர அந்தக் கடை மூடியதே இல்லை. பொத்தல் தரையில் நடக்கவில்லை. வியாழக்கிழமை கடிதம் வருகிற வரைக்கும் மிதந்துகொண்டிருந்தான்.

பம்பு எந்த மாதத்தில் மிகத் தெளிவாகத் தெரியும் என்று கேட்டு நகராட்சி, கோளரங்கங்களின் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருந்தது. எந்த மாதத்திலும் அப்படித் தெரியாதே என்று அங்கே யாரோ ஒருவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. நிபுணர் ஒருவர் நேரில் வருகிறார். சனிக்கிழமை, பதினோரு மணிக் காட்சிக்கு.

"உருண்டையில எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று இயக்குநர் கேட்டார்.

"இருக்கு சார்" என்றான்.

வெள்ளிக்கிழமை கையில் மாவு போன்ற அடைப்புச் சாந்தோடு ஏணியில் ஏறினான். அடைத்துவிட்டால் அவள் இன்னொரு முறை தூங்குவாள், அப்புறம் இந்த ஜென்மத்தில் வர மாட்டாள். அடைக்காவிட்டால் பிழைப்பு போகும். பிழைப்பு போன பிறகு அதை வேலை என்று அவள் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? இப்படியும் அப்படியும் யோசித்ததில் சாந்து கையிலேயே காய்ந்துவிட்டது. இறங்கி வந்துவிட்டான்.

சனிக்கிழமை அவள் மூன்றாவது வரிசையில் தம்பியோடு உட்கார்ந்தாள். நிபுணர் முன்வரிசையில், மடியில் வெளிச்சம் அளக்கிற கருவியோடு உட்கார்ந்திருந்தார். இருட்டாயிற்று. தெற்கு வானம் எழுந்தது. நான்கு நட்சத்திரங்களும் அடித்த வெளிச்சத்தில் ஒருவர் மற்றவர் சட்டைப் பித்தானை எண்ணியிருக்கலாம். கூட்டம் கைதட்டியது. நிபுணரின் கருவியில் முள் ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. விளக்கம் படிக்கிற அம்மா அன்றைக்கென்று பழைய புத்தகத்திலிருந்து பம்பின் படத்தை வரைந்து வைத்திருந்தார். அதையும் நட்சத்திரங்களின் மேல் பெரிதாகப் போட்டார்.

"ஏங்க, இது நம்ம பம்பு இல்லீங்க."

மூன்றாவது வரிசைக் குரல். பத்து லாரிகளுக்கு நடுவிலும் கேட்கிற குரல், அந்த அரங்கத்தில் கேட்காதா?

"வால்வு தலைகீழா இருக்கு பாருங்க. மேல ஒரு கண்ணாடிக் குடுவை இருக்குல்ல, அதுக்குள்ள இருக்கிற காத்த இது வெளிய உறிஞ்சுது. காத்து அடிக்கிற பம்பே இல்ல. இத வெச்சு ஒரு சைக்கிளுக்குக் கூட காத்து அடிக்க முடியாது. இதுக்கா பலக எழுதி மாட்டுன?" கடைசிக் கேள்வி தம்பிக்கு.

பொத்தலுக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இத்தனை மாதம் ஆணியால் குடைந்து குடைந்து அவளுக்காகச் செய்தது, அவள் தொழிலுக்கே எதிரியான ஒரு பம்பு!

"அந்தம்மா சொல்றது சரி" என்றார் நிபுணர். "அது ஆய்வுக்கூடத்துல காத்தை வெளியேத்துற பம்பு. இன்னிக்கு இந்த அரங்கத்துல பேசினதுல சரியானது அது ஒண்ணுதான்."

விளக்குகள் எரிந்தன. நிபுணர் தானே ஏணியில் ஏறினார்.

"எதால குத்தினது?"

"ஆணி சார்."

"எத்தன அங்குலம்?"

"ரெண்டு சார்."

நிபுணர் இறங்கி வந்து இயக்குநரிடம் பேசினார். "மங்கலா இருக்கிறது அந்த நட்சத்திரங்களோட குணம். அதைத் திருத்த இவர் யாரு? மூணு மணிக் காட்சிக்குள்ள நாலும் பழைய அளவுக்கு வரணும். வரலைன்னா இவர் இங்க வேண்டாம்."

சாந்து வைத்துப் பார்த்தார்கள். பல்புச் சூட்டில் இளகி, ஒவ்வொன்றாக இயக்குநரின் தலையில் விழுந்தது. கூட்டம் போன பிறகும் அவள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தன ஓட்டை?" என்று கேட்டாள்.

"நாலு."

"நாலு பஞ்சர்தானே? மூஞ்ச ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" தம்பியைப் பார்த்து, "டேய், பெட்டிய எடுத்துட்டு ஓடி வா."

டியூபில் துண்டு வெட்டி, தகரத்தை அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஆல்ஃபா அடைபட்டது, எப்சிலான் அடைபட்டது, அயோட்டாவும் தீட்டாவும் அடைபட்டன. துண்டின் நடுவில் அவன் மணி ஊசியால் குத்தினான். ரப்பர் மூடிக்கொண்டது. "ஊசியச் சுட வெச்சுக் குத்துங்க" என்றாள். மெழுகுவர்த்தி வந்தது. நான்கும் பழையபடி இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவுக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் அரத்தூள் உருண்டை முழுக்க இறங்கிப் பாதி வானத்தை அடைத்துவிட்டிருந்தது. மணி ஒன்று. யாரும் கேட்காமலேயே அவள் ஒரு தையல் ஊசியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்து ஏணியில் ஏறினாள். நாற்பது ஓட்டை வரைக்கும் பேசிக்கொண்டே குத்தினாள். நூறாவதில் பேச்சு நின்றது. இருநூறாவதில் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தினமும் இப்படியா?"

"தினமும்தான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவனுடைய சாய்ந்த கழுத்தையே பார்த்தாள். பிறகு ஏணியில் நின்றபடியே இயக்குநரைக் கூப்பிட்டாள்.

"சார், இங்க வாங்க. இந்த ஏணிக்கு ஒரு கால் குட்டை. சாஞ்சுக்க ஒரு கட்டை இல்ல. உள்ள ஒரு மின்விசிறி இல்ல. பத்தொன்பது வருஷமா இந்த மனுஷன் இதுல நின்னுருக்கார். ஒருத்தர் வேலை செய்யுற இடமா சார் இது?"

பொத்தலுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூரை மங்கியது, உருண்டை மங்கியது. கையிலிருந்த ஊசி வழுக்கிப் போய் ஒரு நட்சத்திரமும் இல்லாத இடத்தில் சதக்கென்று இறங்கியது.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"வெறும் இடத்துல குத்திட்டேன்."

"கண்ணைத் தொடச்சிக்கிட்டு வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவள் டியூபில் ஐந்தாவது துண்டை வெட்ட ஆரம்பித்தாள்.