கோணிப்போன பின்னல்

நைஜீரியாவில் இசேயின் என்கிற ஊரின் பள்ளிக்கூடங்களில், பெண் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு தினுசாகத் தலை பின்னி வர வேண்டும் என்று சட்டம். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தலை பின்னிவிடும் சிதிகாத்தின் முற்றத்தில் சின்னப் பெண்கள் கூட்டம் அலைமோதும். ஸ்டூலில் அவள்; கீழே பாயில், அவளுடைய முழங்கால்களுக்கு நடுவே தலையைக் கொடுத்துவிட்டு ஒரு பெண்.

சிதிகாத்துக்குக் கதை கேட்காமல் கை ஓடாது. ஊர்க்கதையெல்லாம் தீர்ந்துபோனதும் பிள்ளைகளின் புத்தகத்தில் கண் வைத்தாள். வாசிப்பு நின்றால் அவள் கையும் நின்றுவிடும். பாதித் தலையோடு திங்கட்கிழமை வகுப்புக்குப் போக முடியுமா? பிள்ளைகள் அடித்துப்பிடித்துப் படித்தார்கள்.

மூன்றாம் வகுப்பு மொசுன்மோலா மட்டும் மசியவில்லை. வகுப்பே சேர்ந்து கத்திப் படிக்கும்போது வாயை மட்டும் அசைத்துக் காலம் தள்ளியவள் அவள். இந்தத் திங்கட்கிழமை தனியாக நின்று படிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாள்.

"எல்லாரும் சிரிப்பாங்கக்கா."

"எனக்கு உன் உச்சந்தலை மட்டும்தான்டி தெரியுது. அதைப் பார்த்து எவளாவது சிரிப்பாளா? உன் பாடத்துல வர்ற ஆடு பஸ்ஸுல ஏறுச்சா இல்லையா, அதைப் படிச்சுச் சொல்லு முதல்ல."

மொசுன் எழுத்துக்கூட்டினாள், தடுமாறினாள். சிதிகாத் திருத்தவில்லை, அவளுக்கு ஆட்டைப் பற்றித்தான் கவலை. கண்டக்டர் ஆட்டை இறங்கச் சொன்ன இடத்தில் பின்னலைச் சுண்டி இழுத்துவிட்டாள்.

"ஆ! வலிக்குதுக்கா!"

"வலிக்கட்டும், மேல படி!"

கடைசிப் பின்னலும் முடிந்தது. கதையில் ஒரு பக்கம் மிச்சம். சிதிகாத் கொஞ்சமும் கூசாமல் ஒரு பின்னலை அவிழ்த்தாள்.

"கோணிப்போச்சு. திரும்பப் போடணும். நீ படி."

மறுநாள் சிதிகாத்துக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் மொசுன் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சுக்கா. அப்படியே கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்னு படிச்சேன்."

"டீச்சர் சும்மா விட்டாளா?"

"திரும்புடின்னு அதட்டுனாங்க. உடனே கடைசி பெஞ்சுல எல்லாரும், 'அவளை விடுங்க டீச்சர், ஆடு இறங்குச்சா இல்லையா?'ன்னு கத்துனாங்க. ஒருத்தரும் சிரிக்கலக்கா! அப்புறம் நானே திரும்பிட்டேன்."

சிதிகாத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சீப்பைத் துடைத்தாள்.

மொசுன் பையிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்து, பாயில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் உன் தலையில எனக்கு என்னடி வேலை?"

மொசுன் தன் கையாலேயே ஒரு பின்னலை அவிழ்த்துவிட்டாள்.

"கோணிப்போச்சுக்கா."