பெரியத்தானுக்குப் பால்கனி அறை

என் கணவரின் அண்ணன் கப்பலில் போக ஆசைப்படுகிறார் என்று தெரிந்த அன்று, நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். காரணம் கேட்டார்கள். சும்மாதான் என்றேன்.

எங்கள் டிராவல்ஸ் அலுவலகம் தேவராஜ மொஹல்லாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கிறது. மைசூரிலிருந்து குழுவாகச் சுற்றுலா போகிறவர்களை அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது என் வேலை. முன்பெல்லாம் வேளாங்கண்ணி, காசி, சிம்லா என்று போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது கப்பல் கேட்கிறார்கள். சென்னையில் ஏறினால் இலங்கையைத் தொட்டுவிட்டுத் திரும்பும் உல்லாசக் கப்பல். யாருக்கு எந்த அறை என்று ஒதுக்குவது நான். புறப்படுவதற்கு முன் எல்லோரையும் உட்கார வைத்து விதிகளைச் சொல்வதும் நான்.

மற்ற விதிகளைத் தாளைப் பார்த்துத்தான் சொல்வேன். புகைபிடிப்பது பற்றிய விதி மட்டும் எனக்கு மனப்பாடம். அறைக்குள் கூடாது, குளியலறைக்குள்ளும் கூடாது. அறையோடு சேர்ந்த பால்கனி உங்களுடையதுதான், ஆனால் அங்கேயும் கூடாது. திறந்த மேல்தளத்தில் ஒரு பக்கமாக ஓர் இடம் குறித்து வைத்திருப்பார்கள், அங்கே மட்டும் பிடிக்கலாம். சிகரெட் துண்டை அங்கிருக்கும் மணல் தொட்டியில்தான் போட வேண்டும். கடலில் எறியவே கூடாது, காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து கீழ்த்தளத்தில் யார் தலையிலாவது போடும். மீறினால் அறைக் கணக்கில் அபராதம் ஏறும். மறுபடி மீறினால் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள். ஊரில் நீங்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. இந்தக் கடைசி வாக்கியம் கப்பல்காரர்களுடையது அல்ல, நானாகச் சேர்த்துக்கொண்டது.

பெரியத்தான் பெரிய ஆள். கணவரின் அண்ணனை எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் கூப்பிட வேண்டும். மாமனார் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைப் படிக்க வைத்து, வேலைக்குச் சேர்த்து, எங்கள் கல்யாணத்தையும் நடத்தி வைத்தவர் அவர்தான். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் செய்த நன்மைக்கு ஈடாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டு முன்னறையை அவர் எடுத்துக்கொண்டார். காலைப் பூசை முடிந்ததும் மனைவியோடு வருவார்; என் கணவருக்கு அண்ணி, எனக்கு அக்கா. இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே இருக்கும் நாற்காலியில் உட்காருவார். ஆப்பம் சாப்பிடுவதற்கு முன் ஒரு சிகரெட், சாப்பிட்ட பின் ஒன்று, காபியோடு ஒன்று. சாம்பலை என் காபித் தட்டில் தட்டுவார். மதியம் வரைக்கும் அந்த அறையில் கண் எரியும்.

என் கணவருக்கு வீசிங். சின்ன வயதிலிருந்தே உண்டு, இந்தச் சில வருடங்களில் முற்றிவிட்டது. அண்ணன் பற்றவைத்ததும் இவர் எதையோ தேடுவதுபோல எழுந்து, நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்வார். அதுதான் அவரால் முடிந்த எதிர்ப்பு. அண்ணன் போன பிறகு படுக்கையில் உட்கார்ந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க, மூச்சைப் பிடித்துப் பிடித்து இழுப்பார். நான் முதுகைத் தடவிக்கொண்டே பெரியத்தானை மனதுக்குள் என்னென்னவோ சொல்லுவேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட அந்த வார்த்தைகளை நான் சாமியாரிடம் சொன்னதில்லை.

போன கிறிஸ்துமஸ் விருந்தன்று அப்படி ஆரம்பித்த இழுப்பு நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குள் இனி யாரும் புகைக்கவே கூடாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார். பெரியத்தான் பார்க்க வந்தார், ஆஸ்பத்திரி கேட்டில் ஒன்றை முடித்துவிட்டு அந்த வாடையோடு. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் இந்த மைசூர்க் குளிர்தான்டா தம்பி, மஃப்ளர் கட்டிக்கோ" என்றார். ஆக்சிஜன் குழாயோடு இவரும் தலையை ஆட்டினார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அப்பா மாதிரி அவர். எப்படிச் சொல்றது? நீ எதும் பேசிடாத, பேடா, வேண்டாம்" என்றார்.

நான் எப்படிப் பேச முடியும்? எங்கள் குடும்பத்தில் மூத்தவரும் தம்பி மனைவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. நான் காபித் தட்டோடு எதிரிலேயே நிற்பேன். அவர் என்னைப் பார்க்காமல், "தம்பி, இன்னும் கொஞ்சம் சக்கரை கேளு" என்பார். "சக்கரை வேணுமாம்" என்று இவர் என்னிடம் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து பெரியத்தான் சொன்னதெல்லாம் எனக்கு இன்னொருவர் வாய் வழியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இதை மரியாதை என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த மரியாதைக்குள்ளே நான் கறுவிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பங்குக் கோயில்காரர்கள் ஒரு குழுவாகக் கப்பலுக்குக் கிளம்பியபோது பெரியத்தானும் அண்ணியும் பெயர் கொடுத்தார்கள். என் கணவருக்கு லீவு இல்லை, உடம்பும் சரியில்லை, அதனால் வரவில்லை. ஆனால் செய்தி அவர் வழியாகத்தான் வந்தது. "அண்ணாவுக்குப் பால்கனி வச்ச ரூம் வேணுமாம்."

எதற்கென்று எனக்குத் தெரியாதா? கடலைப் பார்த்தபடி கால்மேல் கால் போட்டு ஊத வேண்டும், வேறென்ன. இருந்ததிலேயே நல்ல பால்கனி அறையை அவர் பெயருக்குப் போட்டேன்.

விதிகளைச் சொல்லும் கூட்டம் எங்கள் அலுவலகத்திலேயே நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, எல்லோருக்கும் காபி கொடுத்து, கன்னடத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொன்னேன். பால்கனியிலும் கூடாது என்ற இடத்தில் நிறுத்தி, நிதானமாக, சத்தமாகச் சொன்னேன். பீடிக்கும் இது உண்டா என்று ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் கேட்டார். உண்டு சார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியத்தான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே வாழைத்தார் இறக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மனைவி பேசும்போது அவர் கவனிப்பதில்லை. இங்கே எடுத்துச் சொல்லத் தம்பியும் இல்லை. அவர் அப்படித்தான் இருப்பார் என்று எனக்கு முன்பே தெரியும். என் வேலை சொல்வது. சொல்லிவிட்டேன்.

கப்பல் சென்னையை விட்டுக் கிளம்பிக் கரை மறைவதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நீளமான கார்ப்பெட் நடையில் நான் நடந்து போகவில்லை, ஓடினேன்.

அறை வாசலில் வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் அதிகாரி, சின்ன வயது. கையில் ஒரு குளியல் துண்டு. அதன் நடுவில் கருகிய ஓட்டை. பால்கனியில் ஊதிக்கொண்டிருந்த பெரியத்தான், அறைப் பணியாள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் சிகரெட்டை அவசரமாகக் கடலுக்கு எறிந்திருக்கிறார். காற்று அதைக் கடலுக்குக் கொடுக்கவில்லை. கீழ்ப் பால்கனியில் நாற்காலியின் மேல் காய்ந்துகொண்டிருந்த துண்டின்மேல் கொண்டுபோய் வைத்திருக்கிறது. நான் கூட்டத்தில் சொன்னது சொன்னபடியே நடந்திருந்தது.

பெரியத்தான் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். மைசூரில் தான் என்னவாக இருந்து ரிட்டயர் ஆனார் என்பதை அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட்" என்று, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்படி கன்னடத்திலும் கேட்டுப் பார்த்தார். அவள் சிரித்த முகம் மாறாமல், அபராதம் அறைக் கணக்கில் சேரும், இன்னொரு முறை நடந்தால் இலங்கையில் இறங்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்றாள். குழுத்தலைவி என்ற முறையில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

அப்போதுதான் அது நடந்தது. பெரியத்தான் என்னைப் பார்த்தார், என் முகத்தை. "நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேம்மா. தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லு" என்றார்.

இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை. எனக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. நான் கட்டில்மேல் உட்கார்ந்திருந்த அண்ணியின் பக்கம் திரும்பினேன்.

"அக்கா, பெரியத்தான்கிட்ட சொல்லுங்க. ரூல்ஸ நான் ரெண்டு பாஷைல சொன்னேன். பால்கனில கூடாதுன்னு நிறுத்திச் சொன்னேன். அவர் வாழைத்தார் பாத்துட்டிருந்தார்."

அண்ணி ஒரு நொடி என்னையே பார்த்தாள். அவளும் அந்தப் புகையிலேயே குடித்தனம் நடத்தியவள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கணவர் பக்கம் திரும்பி, ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். "ஏங்க, அவ ரெண்டு பாஷைல சொன்னாளாம். நிறுத்திச் சொன்னாளாம். நீங்க வாழைத்தார் பாத்துட்டிருந்தீங்களாம்."

நான் கையெழுத்துப் போட்டேன். அன்று மத்தியானம் நான் ரசித்துச் சாப்பிட்ட ஐஸ்கிரீமைப் போல அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் என் வயிற்றெரிச்சல் ஆறியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் நான் பார்த்தேன். மேல்தளத்தில் புகைபிடிக்கும் மூலைக்கு எதிரே ஒரு சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் திண்டாடுவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அவர் வருவார். கீழ்த்தளத்திலிருந்து நடந்து, லிஃப்டுக்குக் காத்திருந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, அந்த மூலைக்கு வருவார். காற்றில் லைட்டர் அணைந்து அணைந்து போகும். சட்டை படபடக்க நின்றபடியே பிடிப்பார். முடிந்ததும் சிகரெட் துண்டை மணலில் நன்றாக அழுத்தி அணைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் தூறல். கூரைக்கு அடியில் இடமில்லை. பொறுமையாகக் காத்திருந்து, இன்னொருவர் நகர்ந்த பிறகுதான் பற்றவைத்தார். மூலையைக் கூட்ட வந்த பணியாளுக்கு வழிவிட்டு, "சாரி" என்றுகூடச் சொன்னார்.

முதலில் இனித்தது. பார்க்கப் பார்க்கக் கசந்தது. இந்த மனிதரால் முடியும். எழுந்து போக முடியும், காத்திருக்க முடியும், அடுத்தவர் மூக்கை நினைக்க முடியும். முகம் தெரியாத ஒரு சின்னப் பெண் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சொன்னால் முடியும். எங்கள் முன்னறையிலிருந்து வாசல் கேட்டுக்கு எத்தனை தூரம்? நடுவில் ஒரு துளசிச் செடியும் என் ஸ்கூட்டரும்தான். பழக்கம், விட முடியவில்லை, பாவம் என்று அவருக்காக நான் வைத்திருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அந்தச் சாய்வு நாற்காலியில் போயிற்று. என் கணவரின் மூச்சுக்கு, அவர் எழுந்து கேட் வரை நடக்கும் அளவுக்குக்கூடப் பெறுமானம் இல்லை, அவ்வளவுதான். கடலைப் பார்த்துக்கொண்டு அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

ஊர் திரும்பிய வாரத்து ஞாயிறு. பூசை முடிந்து வழக்கம்போல வந்தார்கள். பெரியத்தான் அதே நாற்காலியில் உட்கார்ந்து கப்பலின் நீச்சல்குளத்தையும் சாப்பாட்டையும் தம்பிக்கு விவரித்தார். ஓட்டைத் துண்டு அந்தக் கதையில் வரவில்லை. அண்ணி என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். கதை முடிந்ததும் பெரியத்தான் சிகரெட் பாக்கெட்டை எடுத்தார். என் கணவர் எதையோ தேடுவதுபோல எழுந்து நாற்காலியை நகர்த்தப் போனார்.

நான் ஆப்பத் தட்டை மேசையில் வைத்தேன்.

"பெரியத்தான், சிகரெட்ட வெளிய கேட் பக்கம் போய்ப் பிடிங்க. இந்த வீட்டுக்குள்ள இனிமே வேண்டாம். டாக்டர் சொல்லிட்டார். இன்னொரு தடவ இவருக்கு வந்தா தாங்காது."

பெரியத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. உதட்டில் வைத்த சிகரெட்டை எடுக்காமல் தம்பியைப் பார்த்தார்.

"என்னடா தம்பி, உன் பொண்டாட்டி என்னமோ சொல்றா? என்னன்னு கேட்டுச் சொல்லு."

என் கணவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். வாயில் வைத்து ஒரு தடவை அழுத்தி இழுத்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை அடக்கிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மெல்ல மூச்சை விட்டார்.

"உங்ககிட்டதாண்ணா சொல்றா" என்றார்.

பெரியத்தான் எழுந்து வெளியே போனார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன்.