பாதியை அணைத்துப் பார்ப்பவள்

பாதி வீட்டை அணைத்தாயிற்று. கிரைண்டர் அரைகுறை மாவோடு நின்றுபோனது. கூடத்து மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. மீட்டர் பெட்டிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் ஏறி நிற்கிறாள் வினிதா. காலையிலிருந்து மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கிறது.

“இன்னாடி இது, மாவு பாதியில நின்னுகினு கீது! எலக்ட்ரீசியனக் கூப்ட்டா உன் கவுரவம் கொறைஞ்சிடுமா?” என்று அடுக்களையிலிருந்து கேட்கிறார் அம்மா பச்சையம்மா.

“இரும்மா. இந்தப் பாதியில கோளாறு இல்ல. அப்ப அந்தப் பாதியிலதான் இருக்கு. இப்ப அதுல பாதிய ஆஃப் பண்றேன்.”

கடைசியில் அகப்பட்டது குளியலறை கீசர். நாற்காலியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். கண்டுபிடித்த பெருமையில் ஒரு வார்த்தை கிடையாது.

சேலையூரில் கேம்ப் ரோடுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது வீடு. ஸ்கூட்டரில் சத்தம் வந்தாலும், சாம்பார் ருசி கெட்டாலும், வயிறு வலித்தாலும் வினிதாவுக்கு வழி ஒன்றுதான்: எதையாவது ஒன்றை நிறுத்திப் பார்ப்பது. மற்றதைத் தொடமாட்டாள். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு “சரியாயிடுச்சு” என்று சொல்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. “எது சரி பண்ணுச்சுன்னு தெரியலன்னா நீ ஒண்ணும் பண்ணலன்னு அர்த்தம்” என்பாள்.

திருநீர்மலைக் கோயிலுக்கு அம்மாவை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவாள், மேலே ஏறமாட்டாள். அடிவாரத்தில் சுண்டல் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜாதகத்தில் தோஷம் என்று ஒரு வரன் தட்டிப்போனபோது அம்மாவிடம் சொன்னாள்: “என் பொறந்த நேரம் ஒண்ணு, நம்ம தெரு கறுப்பு நாய் பொறந்த நேரம் ஒண்ணு, ரெண்டையும் பேர் போடாம அந்த ஜோசியர்கிட்ட குடு. எதுக்குக் கல்யாணம் ஆவும்னு சொல்லட்டும்.” பச்சையம்மாவுக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

வேலை, சானடோரியம் பக்கம் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில். நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாக அடிப்பதில்லை. ஒரு பெயரை அடித்துப் புள்ளி வைத்தால், அடுத்து வரக்கூடிய சொற்களை எடிட்டரே ஒரு பட்டியலாக இறக்கிக் காட்டும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அண்மையில் எல்லோருடைய கணினியிலும் எடிட்டரின் புதிய பதிப்பைப் போட்டார்கள். அன்றிலிருந்து புள்ளி வைத்தால் பட்டியல் வருவதற்குள் ஒரு கொட்டாவியை நிதானமாக விட்டு முடிக்கலாம். எல்லோரும் முணுமுணுத்தார்கள். மேலாளர் ராகவேந்திரா, சர்வர் அறை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டுகிறவர், “ராகு காலத்துல அப்டேட் போட்டாங்க, சொன்னா யாரு கேக்கறா” என்றார்.

“சார், ராகு காலம் எல்லாருக்கும் பொதுதானே? என் மெஷின் நொண்டுது, ஷீலா மெஷின் படுத்தே கிடக்குது. கிரகத்துக்கு லேப்டாப் சீரியல் நம்பர்கூடத் தெரியுமா?”

பக்கத்து மேசை ஷீலா சிரிக்கவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து வந்தவள். போகும்போது அவளிடமிருந்த நல்ல மடிக்கணினியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்தபோது அலமாரியில் கிடந்த பழையதை எடுத்துத் தந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு அலுவலகம் செய்த சீர் அது. அதில் புதிய எடிட்டர் திணறியது.

திணறல் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அந்த நிறுவனத்தில் ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு கண்காணிப்பு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. விசை தட்டினால் வேலை. தட்டாவிட்டால் சும்மா இருந்ததாகக் கணக்கு. வாரா வாரம் வெள்ளிக்கிழமை மதிப்பெண் வரும். மாதக் கடைசி வெள்ளியன்று, மொத்தக் கணக்கில் அடியில் இருக்கும் பெயர் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அந்தப் பெயருக்கு அடுத்த மாதம் மேசை இருக்காது. இந்த மாதம் இதுவரை அடியில் இருந்தது ஷீலா.

“குழந்தை பொறந்ததும் ஃபோகஸ் போயிடறது. யாரையும் தப்பு சொல்லல, நேச்சுரல்” என்றார் ராகவேந்திரா. கெட்டவர் அல்ல. எண்களை நம்புகிறவர். ராகு காலம் பார்க்கிறவனால் யாருக்கும் வேலை போவதில்லை. எண்ணுக்கு முன்னால் யோசிக்காமல் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவனால் போகிறது. முன்னதைக் கேலி செய்யும் படித்தவர்கள் பின்னதை நிர்வாகம் என்கிறார்கள்.

வினிதா அணைக்க ஆரம்பித்தாள். எடிட்டரோடு ஒட்டிக்கொண்டிருந்த துணைநிரல்களில் முதலில் பாதி, பிறகு மீதிப் பாதி. அவை குற்றமற்றவை. பழைய பதிப்பைத் திரும்பப் போட்டாள்; மறுநாளே அலுவலகக் கணினி தானாகப் புதியதுக்கு மாறிவிடும், ஆனால் சோதித்துப் பார்க்க அது போதும். பட்டியல் சட்டென்று வந்தது. புதிய பதிப்புதான் குற்றவாளி என்று பலர் அங்கேயே கோப்பை மூடியிருப்பார்கள். அவள் வீட்டிலிருந்த சொந்தக் கணினியில் அதே புதிய பதிப்பைப் போட்டுப் பார்த்தாள். அங்கே அது மான் மாதிரி ஓடியது.

“புதுசு மட்டும் தப்பில்ல. புதுசு கூட இங்க இருக்கிற எதுவோ ஒண்ணு சேருது” என்றாள் ஷீலாவிடம்.

“எதுவோ ஒண்ணுனு சொன்னா அவரு விடுவாராடீ? மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வருது, எனக்குச் சோறே எறங்கல. இந்த வேலை போனா கைக்குழந்தைக்காரிய எவன் கூப்பிடுவான்?”

விடை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடைத்தது. அந்த நேரத்தில்தான் கண்காணிப்பு மென்பொருள் தன்னைத்தானே நிறுத்திப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி எழும். அது விழுந்து எழும் அந்தக் கொஞ்ச நேரம், ஷீலாவின் கிழட்டு மடிக்கணினியில் பட்டியல் பொலபொலவென்று இறங்கியது. அது எழுந்ததும் பழைய கதை. மறுநாளும் அப்படியே. கையில் தயிர்சாத டப்பாவோடு வினிதா “ஷீலா, இங்க வா, இங்க வா!” என்று கத்தியதில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

விஷயம் எளியது. புதிய எடிட்டர் தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதைச் சிறு சிறு கோப்புகளாக எழுதி ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொண்டே இருக்கிறது. கண்காணிப்பு மென்பொருள் ஒவ்வொரு புதுக் கோப்பையும் பிடுங்கித் திறந்து பார்க்கிறது. அது பார்த்துத் திருப்பித் தரும்வரை எடிட்டர் நிற்கிறது. எடிட்டர் நிற்கும்வரை ஷீலாவின் விரல் நிற்கிறது. விரல் நின்றதும், சும்மா இருக்கிறாள் என்று அதே மென்பொருள் எழுதிக்கொள்கிறது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் பாடவில்லை என்று கேட்பதற்கு இந்த நாட்டில் வேறு பெயர்களும் உண்டு.

ராகவேந்திராவிடம் சொன்னாள். “இன்ட்ரஸ்டிங்” என்றார். “ஆனா டேட்டா டேட்டாதானே” என்றும் சொன்னார்.

அடுத்த நாள் காலை வினிதா தன் மடிக்கணினியை ஷீலாவின் மேசையில் வைத்தாள். ஷீலாவினுடையதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவரவர் பெயரில்தான் உள்ளே நுழைகிறார்கள், மதிப்பெண்ணும் பெயருக்குத்தான்.

“வேணாம் வினி, உன் நம்பர் விழுந்துடும்.”

“விழணும். அதுக்குத்தானே உக்கார்றேன்.”

வெள்ளிக்கிழமை அந்த வார மதிப்பெண் வந்தது. எப்போதும் மேலே இருக்கும் வினிதா அடியில் கிடந்தாள். ஷீலா பாதிக்கு மேல் ஏறியிருந்தாள். ராகவேந்திரா வினிதாவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

“உங்க ஸ்கோர் என்னமோ சிஸ்டம் எரர் வினிதா. கவலப்படாதீங்க, நான் மேனுவலா சரி பண்ணிடறேன்.”

“எரர்னு எப்படி சார் தெரியும்?”

“உங்க வேலை எனக்குத் தெரியாதா?”

“போன வாரம் இதே மெஷின்ல ஷீலா இருந்தா. அப்ப எரர்னு சொல்லல. ஃபோகஸ் இல்லன்னீங்க.”

அவர் மேசைமேல் இருந்த பேனாவை இடம் மாற்றி வைத்தார். “அது வந்து… மாச மொத்தத்துல இன்னும் அவங்கதான் கடைசி. லிஸ்ட் சாயங்காலம் போகணும்மா. ஒரு பேர் கேப்பாங்க.”

“நம்பர் நிஜம்னா இந்த வாரக் கடைசி நான்தான், என் பேரப் போடுங்க. பொய்னா யார் பேரையும் போடாதீங்க. எனக்குன்னா பொய், அவளுக்குன்னா நிஜம்னு ஒரு நம்பர் இருக்கா சார்?”

“நான் மேல பேசறேன். அந்த ஃபோல்டர மட்டும் பாக்காம விட்டுடச் சொல்றேன், போதுமா? மொதல்ல மெஷின மாத்திக்குங்க. உங்க நம்பர் திங்கக்கிழமையே ஏறிடும்.”

“ஏறிட்டா அப்புறம் யாரும் மேல பேசமாட்டீங்க சார்.”

அவள் வெளியே வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராகவேந்திரா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பட்டியலை இன்னும் அனுப்பவில்லை. தொலைபேசியைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

ஷீலா நின்றுகொண்டிருந்தாள். வினிதாவின் நல்ல மடிக்கணினியை மூடி, சார்ஜர் வயரைச் சுருட்டி அதன்மேல் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தாள்.

“இந்தா வினி, எடுத்துக்கோ. எனக்காக நீ மாட்டிக்காத.”

வினிதா மடிக்கணினியை வாங்கினாள். அதை ஷீலாவின் மேசைமேலேயே வைத்தாள். வயரின் சுருளைப் பிரித்தாள். துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்து, சுவரிலிருந்த பிளக்கில் அதைச் சொருகி, ஆடாமல் நிற்கும்வரை உள்ளங்கையால் அழுத்தினாள்.