வேதா எழுதிய இரண்டு பக்கம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு வந்து டைப் அடித்தவள் வேதா. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்டு ஓடிவருவாள். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் அவளுக்கென்று இருந்தது. அன்று திருவண்ணாமலை திரைப்படச் சங்கம் பள்ளிக்கூட ஹாலில் படம் போடும். சங்கத்தின் மாத இதழைப் பிரதி எடுக்க ஸ்டென்சில் தாளில் டைப் அடித்துக் கொடுப்பதும் அவள்தான்.

1992-இல் சங்கத்துக்கு ஒரு பழைய பேசாப் படம் வந்தது. வெளிநாட்டுக் குடும்பம், வேடிக்கைக் கதை. தொப்பியைக் காணோமென்று வீட்டுக்காரன் வீட்டையே தலைகீழாக்குவான். ஹாலே சிரித்தது. வேதா திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் கேமராவை நகர்த்தவில்லை, யார் முகத்தையும் கிட்டத்தில் காட்டவில்லை. நடுவில் அவன் குதிக்க, ஓரத்தில் மனைவி அந்தத் தொப்பியைத் தூசி தட்டி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்புக்குப் போவாள். சிரிப்பை நடுவில் வைத்துக் கதையை ஓரத்தில் வைக்கிற இந்தப் பாணியைப் பற்றி வேதா இரண்டு பக்கம் எழுதி, சங்கச் செயலாளரான கல்லூரி ஆசிரியர் ராமதாஸிடம் கொடுத்தாள்.

அடுத்த மாதம் டைப் அடிக்க வந்த தாள்களில் அதே இரண்டு பக்கம், ராமதாஸின் கையெழுத்தில். அடியில் அவர் பெயர்.

"சார், இது நான் எழுதினதுங்க."

"ஐடியா உங்களுதுதாம்மா. நான் சீர் பண்ணேன். உங்க பேரப் போட்டா யாரு சீரியஸா படிப்பாங்க?"

ஒரு கமா கூட மாறவில்லை, என்ன சீர்? வேதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாள்களை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள். வேறு யாரோ அடித்தார்கள். இதழ் வந்தது.

கட்டுரையைப் படித்தவர்கள் கேட்டதால் படத்தை மறுபடியும் போட்டார்கள். ராமதாஸ் மைக்கைப் பிடித்து, "இதுல நான் கவனிச்சது என்னன்னா" என்று ஆரம்பித்தார். வேதா எழுந்துவிட்டாள்.

"தொப்பியத் தட்டறப்ப அந்தம்மா கக்கத்துல என்னா இடுக்கியிருக்காங்க சார்?"

ராமதாஸ் விழித்தார். "அதெல்லாம் முக்கியமில்லம்மா."

"கொழந்தையோட பால் புட்டிங்க. அத எழுத மறந்துட்டேன். அதான் உங்களுக்குத் தெரியல."

படம் ஓடியது. பால் புட்டி தெரிந்ததும் ஹால் முழுக்க முணுமுணுப்பு. ராமதாஸ் மன்னிப்பு கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வேதாவுக்கு அழைப்புக் கடிதம் வரவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை.

2004-இல் ராமதாஸின் கட்டுரைத் தொகுப்பு நூலகத்துக்கு வந்தது. புரட்டினாள். அந்தக் கட்டுரையும் இருந்தது. வேதா பேனாவை எடுத்து, தலைப்புக்குக் கீழே தன் பெயரை அழுத்தி எழுதினாள்.

நூலகர் ஓடிவந்தார். "புஸ்தகத்துல கிறுக்கக்கூடாதும்மா!"

"கிறுக்கலீங்க, திருத்தறேன்."

கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிய பிறகுதான் கையிலிருந்த பேனாவை மூடினாள்.