சித்தப்பாவுக்கு நான் வைத்த தவணை

அரிசிக் குறுணி அளவுகூட இல்லை. சித்தப்பாவின் நெஞ்சுக்குள் ஊசி விட்டு எடுத்த சதைத் துண்டு, சிறிய போத்தலின் அடியில் கிடந்தது. அதை மெழுகில் பதித்து, மெல்லியதாய்ச் சீவி, சாயமூட்டிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றியவள் நான்தான். திருகோணமலையில் ஒரு ஆஸ்பத்திரி லாபில் இருபத்திரண்டு வருடமாக நான் செய்துவரும் வேலை அது. சொந்தச் சித்தப்பாவின் சதைதான். பழகிவிட்ட கைக்கு யாருடையதும் ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாருக்கும் வருத்தமென்றால் டொக்டருக்கு முன்னமே ஆஸ்பத்திரிக்குள் வேலை செய்யும் "எங்கட ஆளை"த்தான் தேடுவார்கள். அந்த ஆள் வாசல் காவல்காரராக இருந்தாலும் பரவாயில்லை, அவர் சொல்வது வேதவாக்கு. சாம்பல்தீவில் எங்கள் குடும்பத்துக்கு அந்த ஆள் நான். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

தகட்டைப் பார்த்துத் தரம் எழுதுபவர் எங்கள் லாப் டொக்டர் மேடம். புற்றுநோய்க் கலங்கள் நல்ல கலங்களைப் போலவே ஓரளவு ஒழுங்காக இருந்தால் முதலாம் தரம். உருத்தெரியாமல் குலைந்து கிடந்தால் மூன்றாம் தரம். முதலாம் தரம் மெல்லத்தான் பரவும் என்பது பொதுவான நம்பிக்கை. சித்தப்பாவினுடையது முதலாம் தரம் என்று மேடம் எழுதினார். துண்டு சிறியது என்றும் கீழே ஒரு வரி எழுதியிருந்தார். எத்தனை காலம் என்று கேட்டு வருபவர்களுக்கெல்லாம் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "வந்த துண்டுக்குத்தான் நான் எழுதுறன். உள்ளுக்க மிச்சம் என்ன செய்யுதெண்டு ஸ்கேன்தான் சொல்லும்." பக்கத்து மேசையில் இருந்து இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அன்று பின்னேரமே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். துறைமுகத்தில் முப்பது வருடம் வெல்டிங் வேலை செய்த மனிதர். முற்றத்தில் கதிரை போட்டு இருமிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கட்டாரில் வேலை செய்யும் மகனைப் பற்றித்தான் கேட்டார். "பிள்ளை, தம்பி லீவு எடுத்துக்கொண்டு வரப்போறனெண்டு நிக்கிறான். இப்ப வரச் சொல்லவோ, வேலை ஒப்பந்தம் முடிஞ்சு வரட்டோ?"

"அவசரமில்லை சித்தப்பா. இது மெல்ல நடக்கிற வகை. ரெண்டு மூண்டு வருசத்துக்குப் பயமில்லை."

ரெண்டு மூண்டு வருசம். எந்தப் புத்தகத்தில் படித்தேன், யார் எனக்குச் சொன்னார்கள்? அவருடைய முகம் தெளிந்ததைப் பார்த்தபோது இன்னும் ஒரு வருடத்தைக் கூட்டிச் சொல்லலாம் போலிருந்தது. நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மகனுக்குப் போன் எடுத்து, ஆறுதலாக வா என்று சொல்லிவிட்டார்.

மூன்று கிழமையில் ஸ்கேன் முடிவு வந்தது. எங்கட ஆளல்லவா, கிளினிக்குக்கு அனுப்ப முன்னமே ஸ்கேன் பகுதிக்காரர் எனக்குக் காட்டினார்கள். ஈரலிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. முதலாம் தரமாக இருந்து என்ன, அது நெஞ்சை விட்டுப் புறப்பட்டு எவ்வளவோ காலம். கிளினிக் நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்றே தம்பிக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. டொக்டர் வாயால் வரட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், நான் சொன்னது பிழை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோராம் நாள் மூச்சு எடுக்க ஏலாமல் சித்தப்பாவை வாட்டில் சேர்த்தார்கள். மறுநாள் விடிய முன்னம் போய்விட்டார். தம்பி வந்து சேர்ந்தது பிரேதம் எடுக்கும் நேரத்துக்கு.

இன்றைக்கும் லாப் வாசலில் யாராவது தெரிந்தவர்கள் நின்றால் பின்கதவால் போகிறேன். அலுத்துவிட்டது. நோயைப் பார்த்து அல்ல, என் வாயைப் பார்த்து.

சித்தப்பாவின் எட்டாம் நாள் செலவுச் சடங்குச் சாப்பாட்டில் தம்பி என் பக்கத்தில் வந்து இருந்தான். ஒரு கிழமையாக அவன் ஒழுங்காக ஒன்றும் சாப்பிடவில்லை என்று சித்தி சொல்லியிருந்தார். இலையைத் தொடாமல் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, ஸ்கேன் எப்ப வந்தது?"

"அவர் கண்மூடின அண்டைக்குத்தான்."

"அப்ப ஒருத்தரிலயும் பிழையில்லை. என்ன அக்கா?"

ஓம் என்றேன். அவன் இலையைக் கிட்ட இழுத்து, சோற்றைப் பிசைந்து, வயிறாறச் சாப்பிட்டான்.