சிலோன்காரி கட்டின மூட்டை

சிலோன்ல ஊடுகளைக் கொளுத்தினாங்களே, அந்தக் கலவரத்துக்கு அடுத்த வருசம். மலை மேல கொட்டச்சேட்டுப் பக்கம் எஸ்டேட்டுல நான் காப்பிப் பழம் பறிச்சுக்கிட்டிருந்தேன். கூலியாளுங்களுக்கு வரிசையாக் கட்டின எங்க லைன் ஊடுகள்ல கோடி ஊட்டுக்கு ஒருத்தி இடுப்புல புள்ளையோட வந்து சேந்தா. புருசன் கலவரத்துல போயிட்டான். படகுல வந்து எறங்கினவளை முகாம்ல வெச்சு அரிசி, பாயெல்லாம் கவர்மெண்டு குடுத்துச்சாம். அங்கிருந்து வேலை தேடி மலையேறிட்டா.

நான் சட்டி குடுத்தேன். பக்கத்து ஊட்டுக்காரி போர்வை குடுத்தா. அந்த மலையிலயே பொறந்து வளந்த மலைக்காரர் ஒருத்தர் சாமையைக் கொண்டாந்து வெச்சுட்டுப் போனாரு. எனக்கு மூக்குமேல கோவம் வரும், ஆனா அந்தப் புள்ளை சிரிச்சா அது எங்க போவுமோ தெரியாது!

அவளுது சிலோன்ல தேயிலை கிள்ளின கை. நிக்காம ஓடும். காப்பியில செவந்ததை மட்டும் பாத்துப் பாத்துப் பறிக்கணும். மொத நாளே எங்களுக்கு முந்திக் கூடையை நெரப்பிட்டா. எட்டிப் பாத்தா, அட கடவுளே, பாதிக்குமேல பச்சைக்காய்!

மேஸ்திரி குதிச்சாரு. "நாளைக்கு வேலைக்கு வராத!"

"ஏனுங்க மேஸ்திரி, நீங்க பொறக்கறப்பவே காப்பி பறிச்சீங்களாக்கும்?"ன்னு நானும் எகிறினேன்.  அவ புள்ளை அழுவுதுன்னு எங்களுக்கு முன்னாடியே லைனுக்குப் போயிட்டா. நாங்க அவ கூடையைச் சாக்குல கொட்டிப் பச்சையைப் பொறுக்கினோம். மேஸ்திரியும் மொனகிக்கிட்டே குத்தவெச்சுப் பொறுக்கினாரு. அதோட முடிஞ்சுதுன்னு இருந்துட்டோம்.

காலையில பேர் கூப்பிடற எடத்துல அவளைக் காணோம். ஓடினேன். மூட்டையும் புள்ளையுமா வாசல்ல நின்னா. நாங்க குடுத்த சட்டியைக் கழுவிக் கவுத்து, போர்வையை மடிச்சு வெச்சிருந்தா.

"எங்க சாமி கெளம்பிட்ட?"

"தெரியலைக்கா. வராதன்னு சொன்ன எடத்துல இருந்தா கொளுத்திருவாங்க."



"அடி கிறுக்கச்சி! அந்தாளு என்னைத் தெனமுந்தான் வராதங்கறாரு. நான் போனனா? இங்க கத்தினா கத்தினதோட சரி கண்ணு!" மூட்டையைப் பிடுங்கி அவுத்தேன். ரெண்டு சேலை, புள்ளை சட்டை ஒண்ணு. அவ்வளவுதான். நொம்ப அழுதேன்.

மேஸ்திரி எனக்குப் பின்னாடியே வந்திருக்காரு. எல்லாம் காதுல விழுந்திருக்கு. மூஞ்சி செத்துப்போச்சு அந்த மனுசனுக்கு. "நேரமாச்சு, வாங்க"ன்னாரு அவளைப் பாத்து. எங்க யாரையும் அவர் வாங்கன்னதில்லை. புள்ளையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு விடுவிடுன்னு தோட்டத்துப் பக்கம் நடந்தாரு. புள்ளை போனா அவளும் வந்துதானே ஆகணும்!