தாய் உணவகத்தில் மூன்று பேர்

என் மகள் ஒரு வேளைச் சோற்றைத் துப்பினால் போதும். நான் டாக்டரையும் பக்கத்து வீட்டையும் கைப்பேசியையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்றும் யோசிப்பேன். “நீ சின்னதுலேருந்தே இப்படித்தான்” என்கிறார் அம்மா. இந்தப் பதற்றம் எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியும். அம்மா சாப்பிடாமல் இருந்த அந்த மாதத்தில்தான்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. காரைக்கால் தலத்தெருவில் குடியிருந்தோம். அம்மாவுக்கு மசக்கை. அதற்கு முன் ஒரு கரு தங்காமல் போயிருந்ததால், இந்த முறை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அப்பாவும் அம்மாவும் பேசி வைத்திருந்தார்கள். அந்த ‘யாரிடமும்’ என்பதில் நானும் அடக்கம். தாளிக்கிற வாசனை வந்தாலே அம்மா கொல்லைக்கு ஓடுகிறார், அப்பா வைக்கிற ரசத்தைத் தொடுவதே இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ரசத்தை நானும் குடித்துப் பார்த்தேன், அதில் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாப்பிடாதவர்கள் செத்துப்போவார்கள் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அது உண்மையா என்று வீட்டில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒருநாள் பள்ளிவிட்டு வரும்போது, ஒரு வீட்டு வாசலில் புதிதாக மாட்டியிருந்த பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தாய் உணவகம். இதைவிடத் தெளிவாக யாரால் எழுத முடியும்? தாய்மார்களுக்கென்றே ஒரு கடை! அன்று சாயங்காலமே அப்பாவை நச்சரித்து இருவரையும் கிளப்பினேன். அப்பாவும் அதை ஏதோ கைப்பக்குவமான வீட்டுச் சாப்பாடு என்றுதான் எடுத்துக்கொண்டார். படித்தவர் என்பதால் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

உள்ளே நான்கே மேசைகள். “வாங்க சார், வாங்கக்கா, உக்காருங்க” என்று கடைக்காரர் மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார்.

“ஏங்க, மோர்சாதம், நார்த்தங்கா ஊறுகா மாதிரி எதாச்சும் இருக்குங்களா?” என்றார் அப்பா.

“சார், இது தாய்லாந்து சாப்பாடு. பதினோரு வருசம் அங்க இருந்தேன். சமைக்கிறது நம்ம வீட்டுக்காரம்மா, அவங்களுக்கு அந்த ஊருதான்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழப் போனார். எனக்கு எல்லாம் முடிந்துபோனது போலிருந்தது. “அப்ப இது அம்மாங்களுக்கான கடை இல்லையா? எங்கம்மா ஒண்ணுமே சாப்புட மாட்டேங்குறாங்க” என்று அழ ஆரம்பித்தேன்.

கடைக்காரர் உள்ளே பார்த்து எனக்குப் புரியாத மொழியில் ஏதோ சொன்னார். கையைத் துடைத்தபடி ஓர் அக்கா வெளியே வந்தார். அம்மாவின் முகத்தை, மூக்கை மூடிய முந்தானையைப் பார்த்தார். ஒரே பார்வைதான், விறுவிறுவென்று திரும்பிப் போனார். உள்ளே வாணலிச் சத்தம் நின்றது, கத்திச் சத்தம் கேட்டது. மெல்லிசாகச் சீவிய மாங்காய், மிளகாய், வறுத்த வேர்க்கடலை, மேலே எலுமிச்சைச் சாறு. தட்டை அம்மா முன்னால் வைத்தார்.

அம்மா ஒரு கீற்றை எடுத்து வாயில் வைத்தார். இந்தக் கடையில் கொல்லை எந்தப் பக்கம் என்று நான் தேடினேன். அம்மா இன்னொரு கீற்றை எடுத்தார். பிறகு கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே அள்ளத் தொடங்கினார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர்.

“மெதுவா, மெதுவா” என்றார் அப்பா.

“நீங்க சும்மா இருங்க. இன்னொரு தட்டு கெடைக்குமான்னு கேளுங்க.”

அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தில், வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் படத்தைத் தொட்டுக் காட்டி வாங்கினார்.

இரண்டாவது தட்டோடு வந்த அந்த அக்கா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தன் வயிற்றைத் தட்டிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். அம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மேசைக்குக் கீழே மூன்று விரலைக் காட்டினார். நான் பார்த்துவிட்டேன். எத்தனை பேருக்குப் பசி என்று கேட்கிறார் போலிருக்கிறது.

“ஆமா, நாங்க மூணு பேருதான்” என்றேன் சத்தமாக.

அந்த அக்கா சிரித்துக்கொண்டே இல்லையென்று தலையை ஆட்டி, நான்கு விரலைக் காட்டினார். பாவம், தமிழ் எண்கள் தெரியவில்லை என்று எனக்கு இரக்கமாகிவிட்டது. நாற்காலியிலிருந்து இறங்கி, ஆளாளாகத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தேன். அவரும் என்னைப் போலவே அப்பாவைக் காட்டி “ஒண்ணு” என்றார், என்னைக் காட்டி “ரெண்டு” என்றார், அம்மாவைக் காட்டி “மூணு” என்றார். அப்புறம் கையைச் சற்றே கீழே இறக்கி, அம்மாவின் இடுப்பருகே நிறுத்தி, “நாலு” என்றார்.

அப்பாவுக்குப் புரையேறியது. கடைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அம்மா வாய்விட்டுச் சிரித்தார், அந்த மாதத்தில் முதல் தடவையாக.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு நன்றாகச் சமைக்கிறவரை, எண்ணத் தெரியவில்லை என்பதற்காகப் பெரியவர்கள் சிரிக்கலாமா? “பரவால்லக்கா” என்று அவர் கையைப் பிடித்து அப்பாவிடம் கூட்டிப்போய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.